இரண்டு கொரடாச்சேரி

உழவர் குழு ஒன்றுக்கு விதைநெல் கணக்கை ஒன்றியவாரியாகப் பிரித்துத் தர, பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் சிறிய மென்பொருள் எழுதினேன். திருவாரூர் மாவட்டத்தின் 10 ஒன்றியங்களில் எட்டு ஒழுங்காக வந்தன. கொரடாச்சேரியும் கோட்டூரும் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு பதிவைத் தேடி எடுக்கும் ‘கெட்’ கொண்டு தேடினால் ‘டஸ் நாட் எக்சிஸ்ட்’ (அப்படி ஒன்று இல்லை) என்று பிழை. தரவுத்தளத்தைத் திறந்தால் அதே பெயர் கண்ணெதிரே நிற்கிறது.

பதிவேட்டிலேயே எழுத்துப்பிழை இருக்குமென்று நம்பி, திருவாரூரில் பஸ் ஏறிக் கொரடாச்சேரி போனேன். கணக்கெழுதும் பெரியவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, “இதில் என்ன தம்பி பிழை?” என்றார். ஒரு பிழையும் இல்லை. வெயிலில் திரும்பி வந்தேன். சம்பா நாற்று விடும் நேரத்தில் ஒரு முழு நாள் வீண்.

அதைவிடப் பெரிய தவறை அன்றிரவு செய்தேன். பிழைச்செய்தி வராமலிருந்தால் போதுமென்று ‘கெட்’டை எடுத்துவிட்டு இல்லாததைப் புதிதாக உருவாக்கிவிடும் ‘கெட் ஆர் கிரியேட்’ போட்டேன். காலையில் பட்டியலில் இரண்டு கொரடாச்சேரி, இரண்டு கோட்டூர். இரவில் ஏற்றிய உழவர்கள் அத்தனை பேரும் புதியவற்றின் கீழ்! பெயர் இரட்டிக்கக் கூடாது என்று போட்டிருந்த ‘யுனிக்’ கட்டுப்பாடும் தடுக்கவில்லை.

இரண்டு கொரடாச்சேரியையும், குறிகளை எண்ணிச் சொல்லும் பைத்தானின் ‘லென்’னில் கொடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒன்றுக்கு 11, மற்றதற்கு 12. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், ெ, ா என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது. பழைய பட்டியல் பிரிந்த வடிவில் வந்திருக்கிறது. 10 பெயர்களில் ஒகரமோ ஓகாரமோ உள்ளவை அந்த இரண்டே. ஔகாரக் குறிக்கும் இதே சிக்கல் உண்டு.

பைத்தானோடு வரும் ‘யூனிகோட்டேட்டா’வின் ‘நார்மலைஸ்’ கொண்டு எல்லாப் பெயரையும் ‘என்எஃப்சி’ எனும் சேர்ந்த வடிவுக்கு மாற்றுங்கள். சேமிக்கும்போது மட்டும் செய்தால் போதாது, தேடும் சொல்லுக்கும் செய்ய வேண்டும். ‘கெட்’டுக்குப் பதில் ‘ஃபில்டர்’ போட்டு ‘ஃபர்ஸ்ட்’ எடுத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். அது சத்தமில்லாமல் ‘நன்’ (எதுவுமில்லை) தரும், பிழை வேறெங்கோ போய் வெடிக்கும்.

இரட்டைப் பதிவை நீக்குமுன் அதன் கீழுள்ள உழவர்களைப் பழைய ஒன்றியத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கேஸ்கேட்’ வைத்திருந்தால் ஒன்றியத்தோடு அவர்களும் அழிந்துவிடுவார்கள். நீக்கு பொத்தானில் கைவைத்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது, உடல் வியர்த்துவிட்டது.

நேற்று மாலை 10 ஒன்றியங்களும் வந்தன. கொரடாச்சேரி ஒன்றே ஒன்று, நீளம் 11. முதல் வேலையாகப் பெரியவருக்குத்தான் போன் செய்தேன்.