இடப்பக்கத்து மூன்று பங்கர்கள்

பழைய கோல்ஃப் மைதானம் ஒன்றைப் புதுப்பித்தபோது, அதன் ஏழாவது ஹோலின் (பந்தை அடித்துக்கொண்டு போகும் பகுதிகளில் ஏழாவதன்) இடப்பக்கத்தில் இன்று இருக்கும் மூன்று பங்கர்களைப் பற்றி, அதாவது பந்தைச் சிக்கவைக்கும் மணற்குழிகளைப் பற்றி, நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் பொய் என்று சொல்லத்தக்க சொல் ஒன்றுகூட இல்லை. மூல வரைபடத்தில் இவை இல்லை. 1930-களின் வான்படத்தில் மணல் நிரம்பிய மூன்று குழிகள் தெரிகின்றன. தோண்டிப் பார்த்ததில் மணற்படுகை உண்டு, வடிகால் குழாய் இல்லை. குறிப்பு அவ்வளவுதான். இந்தச் செய்திகளை யார் வேண்டுமானாலும் இன்றும் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் எழுதப்படாமல் போன ஒரு வரிதான் காரணம்.

பழைய கோல்ஃப் மைதானத்தைப் புதுப்பிக்கும்போது எங்களைப் போன்ற நில அளவைக்காரர்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: முதலில் இது எப்படி இருந்தது? புல்வெட்டும் இயந்திரம் ஆண்டுக்காண்டு ஓரத்தைச் சிறிது விட்டுவிட்டு வெட்டுவதால் கிரீன்கள் (பந்தை விழவைக்கும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகள்) சுருங்கி வட்டமாகிவிடுகின்றன. பொருளாதார வீழ்ச்சியின்போதும் அடுத்து வந்த உலகப் போரின்போதும் ஆளும் பணமும் இல்லாமல் பங்கர்களை மண் போட்டு மூடிய கிளப்புகள் அமெரிக்காவில் ஏராளம். போருக்குப் பின் ஆசையோடு நட்ட மரங்கள் வளர்ந்து, கிரீன் வரை நீளும் புல்வெளிகளான ஃபேர்வேக்களைக் குறுக்கிவிட்டன. இத்தனையையும் நீக்கிப் பார்க்க எங்களுக்குக் கிடைப்பவை பழைய வரைபடங்கள், வான்படங்கள், லேசர் கொண்டு எடுத்த உயர அளவுகள், கடைசியாக மண்வெட்டி. வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்டின் இரண்டாம் எண் மைதானத்தை 2010–11-இல் வடிவமைப்பாளர்கள் பில் கூரும் பென் கிரென்ஷாவும் பழைய நிலைக்கு மீட்டபோது, 1943-ஆம் ஆண்டின் வான்படமும் ஃபேர்வேயின் நடுவே ஓடிய பழைய நீர்க்குழாயின் தடமும்தான் அவர்களுக்கு வழிகாட்டின. அந்தக் குழாயிலிருந்து இரு புறமும் தண்ணீர் எட்டிய தூரமே பழைய ஃபேர்வேயின் அகலம் என்று கொண்டு, அதற்கு அப்பால் வளர்ந்திருந்த சுமார் 35 ஏக்கர் புல்லை எடுத்துவிட்டு, பழையபடி மணலையும் காட்டுப் புல்லையும் வரவிட்டார்கள். அந்த வேலையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, சான்று பேசட்டும், நாம் பேச வேண்டாம் என்பதையே என் தொழில் ஒழுக்கமாகக் கொண்டிருந்தேன்.

சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது அரோனிமிங்க். பிலடெல்பியாவுக்கு மேற்கே நியூட்டவுன் ஸ்கொயரில் 1928-இல் திறக்கப்பட்ட மைதானம் அது. வடிவமைத்தவர் டொனால்ட் ராஸ். ஸ்காட்லாந்தின் டோர்னாக்கில் 1872-இல் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து, சுமார் 400 மைதானங்களுக்குத் தம் பெயரைத் தந்தவர். அத்தனை இடங்களிலும் ஒருவரே நின்று வேலை வாங்கியிருக்க முடியாது. அவர் வரைந்து கொடுக்க, களத்தில் நின்று கட்டியவர்கள் அவருடைய உதவியாளர்கள். அரோனிமிங்கில் அந்த இடத்தில் இருந்தவர் ஜே. பி. மெக்கவர்ன், அவர் அந்த கிளப்பின் உறுப்பினரும்கூட. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைப்பாளர் ரான் பிரிச்சர்ட் அந்த மைதானத்தை மீட்டபோது ராஸின் வரைபடங்களைப் பின்பற்றினார். பிறகு இன்னொரு வடிவமைப்பாளர் கில் ஹான்ஸ் வந்து, 2016 முதல் 2018 வரை செய்த வேலையில், திறந்த காலத்துக்கு நெருங்கிய வான்படங்களைப் பின்பற்றினார். வரைபடத்தில் ஒரு பெரிய பங்கர் இருக்கும் இடத்தில் படத்தில் இரண்டு, மூன்று சிறிய பங்கர்கள் கொத்தாக இருந்தன. 70-க்குச் சற்று மேலாக இருந்த பங்கர்களின் எண்ணிக்கை 170-ஐத் தாண்டியது. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள். ஒருவர் ராஸ் எண்ணியதைத் திருப்பித் தந்தார், மற்றவர் தரையில் இருந்ததைத் திருப்பித் தந்தார். ராஸே 1948-இல் அங்கு திரும்பி வந்து பார்த்துவிட்டு, இதைத் தம் தலைசிறந்த படைப்பாக்கவே எண்ணியதாகவும், தாம் அறிந்ததைவிடச் சிறப்பாகக் கட்டிவிட்டதை அன்றுதான் உணர்ந்ததாகவும் சொன்னார் என்று அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறப்பில் மெக்கவர்னின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் சொல்லவந்த மைதானம் அதுவல்ல. அதே மாநிலத்தில், அதே காலத்தில், அவ்வளவு புகழ் பெறாத ஒருவர் வடிவமைத்தது. ஏழாவது ஹோலின் வான்படத்தில் கிரீனுக்கு முன்னே இடப்பக்கத்தில் வெளிர்ந்த மூன்று புள்ளிகள் இருந்தன. இப்படிப்பட்ட புள்ளி குழியா, குவியலா என்பதை நிழலை வைத்துச் சொல்லிவிடலாம். குழியாக இருந்தால் வெயில் வரும் பக்கத்துச் சுவரே உள்ளே நிழலை விழவைக்கும். குவியலாக இருந்தால் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நிழல் நீளும். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் புள்ளிகள் மங்கலாகவே இருந்தன. ஆனால் இரண்டில் வெயில் பக்கத்து விளிம்பு தெளிவாகக் கறுத்திருந்தது. மூன்றாவதும் அதே வரிசையில், அதே அளவில் இருந்தது. குழிகள் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை.

குறுக்கே ஒரு பள்ளம் வெட்டினோம். மேலே கரிய மண், அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் கலந்த மணல், அதற்கும் கீழே பழுப்புக் களிமண். மணல் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் கிடந்தது. அந்தக் காலத்துப் பங்கர்களின் அடியில் வழக்கமாக அகப்படும் சுட்ட களிமண் வடிகால் குழாய் மட்டும் இல்லை. அங்கே பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை மைதானக் கண்காணிப்பாளர் அழைத்து வந்திருந்தார். அவருடைய தந்தையும் அதே மைதானத்தில், 1930-களில், வேலை பார்த்தவர். பெரியவர் மெதுவாகக் குனிந்து மணலில் ஒரு பிடி எடுத்து விரல்களால் தேய்த்துப் பார்த்தார். “இது பங்கர் மணல் இல்லை. மண்ணும் மட்கின எருவும் இதில் கலந்திருக்கிறது. கிரீன்மேல் தூவுவதற்காகக் கலந்து வைத்தது. கிரீனைச் சரிசெய்ய மண் வேண்டும் என்று என் அப்பாவும் அவரோடு இருந்தவர்களும் இங்கே குழி வெட்டினார்கள். வெட்டின குழியிலேயே பிறகு மணலைக் கொட்டி வைத்துக்கொண்டார்கள். போர் வந்ததும் மூடிவிட்டார்கள்” என்றார்.

புதுப்பிப்பு வேலையை நடத்திய வடிவமைப்பாளர் என் பக்கம் திரும்பி, “படத்தில் இருப்பது மணல் நிரம்பிய குழிதானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். பெரியவர் சிறிது நேரம் கழித்து, “அப்படியானால் நான் சொன்னதை எங்கே எழுதுவீர்கள்?” என்று கேட்டார். எங்கள் அட்டவணையில் வரைபடம், படம், அகழ்வு என்று மூன்று கட்டங்கள்தான் உண்டு என்றேன். அவர் தலையசைத்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அந்த விடைக்கு என்னால் வாதாட முடியும். தந்தை சொல்லக் கேட்டதை அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து மகன் சொல்கிறார். இடையில் எது எங்கே கலந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் நினைவை ஏற்றால் ஒவ்வோர் உறுப்பினரின் நினைவையும் ஏற்க வேண்டியிருக்கும். அவர் சொன்னது முழு உண்மை என்றே கொண்டாலும், ஓரிரு ஆண்டுகளாவது அங்கே மணல் நிரம்பிய குழிகள் இருந்தன, ஆடியவர்களின் பந்து அதில் விழுந்தது, அவர்கள் அதிலிருந்து அடித்து வெளியே எடுத்தார்கள். பங்கர் என்பது அதற்குமேல் வேறென்ன? வரைபடத்தில் இல்லாத மெக்கவர்னின் பங்கர்களை மூலம் என்று ஏற்றுக்கொள்ளும் நாம், மண்வெட்டியோடு வந்த தொழிலாளியின் குழியை மட்டும் எப்படித் தள்ளுவது? இந்த வாதத்தை எனக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பங்கர்கள் அங்கே இருப்பதுதான் சரி என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன்.

ஆனால் அதே வாதம் என்னை வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தொழிலாளியின் குழியையும் மூலமாக ஏற்கிறோம் என்றால், அது தொழிலாளியின் குழி என்பதை எங்காவது எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்தபின் கிளப் அச்சிட்ட கையேட்டில், ஏழாவது ஹோலின் இடப்பக்கப் பங்கர்கள் மூல வடிவமைப்பாளரின் எண்ணப்படி மீட்கப்பட்டவை என்ற வரி இருக்கிறது. அவர் எண்ணியதாகச் சொல்ல அவருடைய வரைபடத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. என் குறிப்பில் உள்ள மூன்று செய்திகளிலிருந்து இந்த வரியை யாரும் நேர்மையாகப் பெற முடியாது. ஆனால் பெரியவர் சொன்னது நான்காவது செய்தியாக அதில் இருந்திருந்தால் இந்த வரியை யாரும் எழுதியே இருக்க முடியாது. பெரியவர் பங்கர் கட்டவே கூடாது என்கிறார் என்றுதான் அன்று புரிந்துகொண்டேன். அவர் கேட்டதை நினைத்துப் பார்க்கும்போது, அவர் கட்டாதே என்று சொல்லவேயில்லை. எங்கே எழுதுவீர்கள் என்றுதான் கேட்டார். கையேட்டின் வரியைத் திருத்தக் கோரி கிளப்புக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

அதன்பின் அட்டவணையில் ‘கேட்டறிந்தது’ என்று நான்காவது கட்டம் ஒன்று சேர்த்திருக்கிறேன். அதனால் மனம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்துப் போன ஒரு மைதானத்தில், பன்னிரண்டாவது ஹோலின் டீக்கு (முதல் அடியை அடிக்கும் இடத்துக்கு) பின்னால் நிற்கும் ஓக் மரம் மைதானம் திறந்தபோதே இருந்தது என்று ஒரு குடும்பமே உறுதியாகச் சொன்னது. அவர்களுடைய பாட்டனார் அதன் நிழலில் அமர்ந்திருந்தாராம். வான்படத்தில் அந்த இடம் வெறும் வயல். இரண்டையும் அருகருகே எழுதினேன். வடிவமைப்பாளர் படித்துவிட்டு, படமே இருக்கும்போது நான்காவது கட்டம் எதற்கு என்று கேட்டார். அந்த மரத்தைப் பொறுத்தவரை அவர் கேட்டது சரி. மரம் வெட்டப்பட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நிழலை வைத்துக் குழியா, குவியலா என்று சொல்ல எனக்கு ஒரு முறை இருப்பதுபோல, எந்த நினைவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் முறை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. இப்போது கையில் இருக்கும் வேலையிலும் நான்காவது கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பெண் இடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.