மெடிகெயாரில் பெரியம்மாவுக்குக் கால் போட்ட அனுபவம்

நான் புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவள். நியூஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் இடது காலை எடுத்துவிட்டார்கள். எழுபது வயது தாண்டியவர் என்பதால் மெடிகெயார் என்ற அரச காப்புறுதி இருக்கிறது. கடதாசி வேலைகளை அவருடைய மகன் பார்த்தான். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் நானும் சேர்ந்து பார்த்தேன். வன்னியிலிருந்து போன பல குடும்பங்களுக்கு இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தில்தான் நான் கால் போட்டேன். அளவெடுத்து, அச்சு எடுத்து, நடக்கவிட்டுப் பார்த்து, நோகிற இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தவர் என் கண்ணுக்கு ஒரு வைத்தியர்தான். மெடிகெயாரில் அப்படியில்லை. கால் செய்து பொருத்துபவர், சக்கர நாற்காலியும் ஒட்சிசன் இயந்திரமும் கொடுக்கும் கடைகளோடு சேர்த்து, உபகரணம் வழங்குவோர் என்ற வகையில் பதிய வேண்டும். அதற்கென்றே தனி விண்ணப்பம். படித்துப் பயிற்சி எடுத்த ஒருவரை இந்த வரிசையில் வைப்பது நியாயமென்று எனக்குப் படவில்லை.

இந்த வகைப்படுத்தலின் பாரம் கடைசியில் நோயாளியின் தலையில்தான் விழுகிறது. பொருள் கொடுப்பவரே அந்தப் பொருள் தேவை என்று எழுதினால் அது செல்லாது, டொக்டரின் குறிப்பில் இருக்க வேண்டும் என்பதே நெடுநாள் நடைமுறை. 2018இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு கால் செய்பவரின் குறிப்பும் மருத்துவப் பதிவின் பகுதியாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஆனாலும் அது டொக்டரின் குறிப்போடு ஒத்துப்போக வேண்டும்.

பெரியம்மாவின் டொக்டர் எழுதியது ஒரே வரி: காயம் ஆறிவிட்டது, செயற்கைக் கால் தேவை. கூடவே நடமாட்ட நிலை ஒன்று என்று போட்டிருந்தார். இந்த நிலைகள் பூச்சியத்திலிருந்து நான்கு வரை. ஒன்று என்றால் வீட்டுக்குள், மட்டமான தரையில் நடப்பவர். இரண்டு என்றால் படி, நடைபாதை விளிம்பு, மேடு பள்ளம் தாண்டி வெளியே போகக்கூடியவர். எந்த வகைப் பாதம் கிடைக்கும் என்பதை இந்த இலக்கம்தான் தீர்மானிக்கிறது. ஒன்றுக்கு அசையாத சாதாரணப் பாதம், அல்லது ஒரே அச்சில் மட்டும் அசையும் பாதம்தான். இரண்டென்றால் பல பக்கமும் வளைந்து கொடுக்கும் பாதம் கேட்கலாம்.

கோயிலுக்கும் கடைக்கும் தானே நடந்து திரிந்த மனுசிக்கு ஏன் ஒன்று? கேட்டபோதுதான் தெரிந்தது, டொக்டரிடம் அவர் சொன்னது: "எனக்கு இனி என்ன, வீட்டுக்குள்ள நடந்தாக் காணும்." எங்கள் வயோதிபர்கள் எல்லோரும் இப்படித்தான். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று ஆசையை மறைத்துவிடுவார்கள். அந்த அடக்கம் மருத்துவப் பதிவில் ஏறினால் அவருடைய இயலாமையாகிவிடும்.

"பெரியம்மா, உங்களால நடக்க முடியும் எண்டதையும் எழுதலாம். இனி நடக்கக்கூடிய தன்மையும் கணக்குத்தான்" என்று சொன்னேன். உண்மையும் அதுதான், இன்று நடப்பது மட்டுமல்ல, நடக்கக்கூடிய ஆற்றலையும் பார்க்கிறார்கள். பிறகு மகன் மறுபடி டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். கால் போவதற்கு முன் எப்படி வாழ்ந்தார், மற்ற வருத்தங்கள் என்ன, எஞ்சிய கால் எப்படி இருக்கிறது, நடக்க எவ்வளவு விருப்பம் என்று எல்லாவற்றையும் வடிவாகச் சொல்லி எழுதுவித்தார்கள். கால் செய்பவரும் தன் பரிசோதனையை அதற்கு ஒத்தபடி எழுதினார். சரி, இரண்டாம் நிலை கிடைத்தது.

வருடாந்தக் கழிவுத் தொகை (காப்புறுதி கொடுக்கத் தொடங்க முன் நாங்கள் கையிலிருந்து கட்டுவது) போக, அங்கீகரித்த தொகையில் 80 வீதத்தை மெடிகெயார் கொடுத்தது. மீதி 20 வீதத்தை அவருடைய துணைக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. அது இல்லாதவர்கள் கால் செய்ய முன்னரே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எஞ்சிய கால் மெலிந்து சொக்கெட், அதாவது அந்தக் காலைச் செருகும் கிண்ணம், தளர்கிறதாம். எல்லோருக்கும் வருவதுதான். உடல் மாற்றத்தால் சொக்கெட் பொருந்தாமல் போனால், டொக்டர் எழுதிக் கொடுத்தால் மாற்றலாம். எஞ்சிய காலில் எத்தனை காலுறை போட்டால் இறுக்கம் வருகிறது என்பதை ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதி, டொக்டரிடமும் கால் செய்பவரிடமும் ஒரே மாதிரிச் சொல்லும்படி பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.