‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு’ என்று சொல்கிறவர்களுக்கு

ஜமைக்கா பாடகர் ஷான் பாலின் ‘டட்டி ராக்’ ஆல்பம் 2002 நவம்பரில் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அதைப் பற்றிக் கேட்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சண்டைதான். ஒருவர் கொண்டாடுவார், இன்னொருவர் இதெல்லாம் இசையா என்பார், மூன்றாமவர் ‘கெட் பிசி பாட்டு மட்டும் நல்லா இருக்கும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்குப் பிடித்த ஆல்பம்தான். ஆனால் பிடிக்காதவர்கள் சொல்வதெல்லாம் தப்பு என்று சொல்ல மாட்டேன், காரணத்தைத்தான் பாதிப் பேர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

அதிகம் கேட்கிற புகார், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது. தாளத்தை மட்டும் கவனித்துக் கேட்டுப் பாருங்கள், ‘கிம்மி தி லைட்’டுக்கும் ‘லைக் க்ளூ’வுக்கும் ‘கெட் பிசி’க்கும் சம்பந்தமே இருக்காது, மூன்றையும் செய்தவர்களும் வேறு வேறு ஆட்கள். மாறாமல் இருப்பது ஷான் பாலின் குரல். இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார், மேலே ஏற மாட்டார், உருக மாட்டார், ஒரு சொல்லை இழுத்துப் பாடவும் மாட்டார். டிரம்ஸுக்கு நடுவில் இன்னொரு டிரம் மாதிரி அந்தக் குரலை வைத்திருக்கிறார்கள், அது பிடித்தவனுக்கு ஆல்பம் முழுக்கப் பிடிக்கும், பிடிக்காதவனுக்கு நாலாவது பாட்டிலேயே அலுத்துவிடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது திருட்டுப் புகார். 2003-இல் அமெரிக்க வானொலி கேட்டவர்களுக்கு இது நினைவிருக்கும்: ‘கெட் பிசி’, வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’, லூமிடியின் ‘நெவர் லீவ் யூ’ மூன்றும் ஒரே வருஷத்தில் ஓடின, மூன்றிலும் அதே கைதட்டல். யார் யாரிடமிருந்து சுட்டது? யாரும் சுடவில்லை. லென்கி மார்ஸ்டன் என்பவர் செய்த ‘டிவாலி’ என்ற ரிடிம், அதாவது மேலே பாட்டுப் பாடுவதற்கான இசைத்தளம், அது (ஆமாம், நம் தீபாவளியின் வடக்கத்திப் பெயர்தான்). ஜமைக்காவில் இசையமைப்பாளர் ஒரு ரிடிம் செய்துவிட்டால் பாடகர்கள் வரிசையாக வந்து அவரவர் பாட்டை அதன் மேல் பாடிவிட்டுப் போவார்கள், எந்தப் பாட்டு ஜெயிக்கிறது என்பதைத் தெருவில் அடுக்கிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ஆடுகிற கூட்டம் முடிவு செய்யும். டிவாலியில் ஷான் பாலுக்குக் கிடைத்தது அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம். அந்தக் கைதட்டலை மட்டும் தனியாகக் கவனித்தால் தெரியும், பாட்டையே இழுத்துக்கொண்டு போவது அதுதான்.

ஆக, டான்ஸ்ஹால் என்கிற இந்த ஜமைக்கா ஆட்ட இசையில் ஆல்பம் என்பது பெரும்பாலும் அப்புறம் சேர்த்துக் கட்டுகிற மூட்டை. தனித்தனியாக வந்து ஜெயித்த பாட்டுகளை ஒன்றாகப் போட்டு, இடையில் புதிதாகக் கொஞ்சம் நிரப்புவார்கள். ராக் ஆல்பம் கேட்டுப் பழகியவர்கள் ‘இதில் ஒரு கதை ஓட்டமே இல்லையே’ என்றால், இல்லைதான், இருக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது ‘இது ரெகேவே இல்லை’ கோஷ்டி, ரெகே என்றால் டான்ஸ்ஹாலுக்குத் தாயான பழைய ஜமைக்கா இசை. 2004-இல் இந்த ஆல்பத்துக்குச் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தபோது பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பாப் மார்லியோடு நிறுத்திக்கொண்டவர்களிடம் என்ன சொல்ல? 1985-இல் கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கனவே இருந்த தாளத்தை வைத்து வெய்ன் ஸ்மித்தும் கிங் ஜாமியும் ‘ஸ்லெங் டெங்’ ரிடிம் செய்ததிலிருந்தே ஜமைக்கா இசை கணினிப் பக்கம் போய்விட்டது, ஷான் பால் வந்து கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அதோடு, இதே ஆல்பத்தில் சாஷாவோடு பாடிய ‘ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ’ இருக்கிறதே, அதை இவர்கள் கேட்டார்களா? ஆல்டன் எல்லிஸ் அறுபதுகளில் பாடியது, 1977-இல் மார்சியா ஐட்கன் மறுபடி பாடினார், அதே ரிடிமில்தான் அல்தியா-டோனாவின் ‘அப்டவுன் டாப் ராங்கிங்’ வந்து 1978-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அப்படிப்பட்ட பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாஷாவை நிதானமாகப் பாடவிட்டு, தான் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி ஷான் பால் வந்து போகிறார். ஆல்பத்திலேயே எனக்கு இதுதான் முதலிடம்.

அமெரிக்காவுக்கு விலைபோனவர் என்ற பேச்சில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. கிங்ஸ்டனின் வசதியான பகுதியில் வளர்ந்தவர், ஜமைக்கா தேசிய அணிக்காக வாட்டர் போலோ ஆடியவர் என்பதையெல்லாம் குற்றமாகச் சொல்வது அபத்தம், வறுமைச் சான்றிதழ் கேட்டுவிட்டா பாட்டைக் கேட்பது? ஆனால் ஹிப்ஹாப் ஆட்களைக் கூட்டிவந்த இடங்களில் ஆல்பம் தொய்கிறது. பஸ்டா ரைம்ஸ் சேர்ந்த ‘கிம்மி தி லைட்’ ரீமிக்ஸ் அசல் பாட்டின் வேகத்தைக் குறைத்ததைத் தவிர வேறென்ன செய்தது என்று தெரியவில்லை. பியான்ஸேவோடு பாடிய ‘பேபி பாய்’ பிற்பாடு வந்த பதிப்பில் ஒட்டியது, நல்ல பாட்டு, ஆனால் அது அவருடைய பாட்டு, இவர் விருந்தாளி.

வரிகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பெண், ஆட்டம், கஞ்சா, மறுபடி பெண். பாட்வா என்கிற ஜமைக்காப் பேச்சுமொழி புரியாமல் ஆடுகிறவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. புரிந்துகொண்டு சலித்துப்போகிறவர்கள் மேல், குறிப்பாகப் பெண்கள் மேல், எனக்குக் கோபமும் இல்லை.

நீளம் அதிகம், சரி, ஒத்துக்கொள்கிறேன். இடையிடையே வரும் பேச்சுத் துணுக்குகளையும் ரீமிக்ஸையும் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள். அப்படியும் ஒரே மாதிரிதான் கேட்கிறது என்றால் ஷான் பாலை விட்டுவிட்டு டிவாலி ரிடிமில் பாடிய மற்றவர்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள், வெய்ன் வொண்டரிலிருந்து ஆரம்பிக்கலாம்.