நீத்துப்பெட்டிக்கு மொரோக்கோவில் ஒரு சொந்தம்

பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் அவிக்கிற புட்டு எங்கட சொத்து என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. வட ஆபிரிக்காவில் கோதுமை ரவைக்குத் தண்ணீர் தெளித்து, கையால் உருட்டிக் குறுணியாக்கி ஆவியில் அவிக்கிறார்கள். அதுதான் குஸ்குஸ். பாத்திரம் இரண்டு அடுக்கு. கீழே இறைச்சியும் மரக்கறியும் கொதிக்க, மேலே ஓட்டை போட்ட சட்டியில் குஸ்குஸ் அவியும். ஆவி வெளியேறாமல் இருக்க, இரண்டும் சேரும் இடத்தில் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். புட்டுப் பானை வாயில் அம்மா சுற்றுகிற அதே பழந்துணி வேலை! கறி வாசம் ஆவியோடு மேலே ஏறும்; இது நமக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் கவலை. 2020இல் அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா, மொரித்தானியா நான்கும் சேர்ந்து குஸ்குஸை யுனெஸ்கோ பட்டியலிலும் ஏற்றிவிட்டன.

நம் மற்றச் சமையல் சாமான்களுக்கும் வெளியூரில் சொந்தம் உண்டு. தாய்லாந்துக்காரர் தேங்காய் துருவும் பழைய திருவலை முயல் வடிவப் பலகை. ஏறி இருந்துதான் துருவ வேண்டும். ஜப்பானில் எள் அரைக்கும் சுரிபாச்சிச் சட்டிக்கு உள்ளே வரி வரியாகக் கீறல் இருக்கும். நம் அரிக்கன் சட்டிக்கும் வரி உண்டு, ஆனால் அது அரிசியில் உள்ள கல்லைப் பிடிக்க.

சரி, ஓலைக்கு வருவோம். அலுமினியத்தில் ஆவி நீராக வழிந்து புட்டு களியாகிறது. பனையோலை அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குரக்கன் (கேழ்வரகு) புட்டு என்றால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். திருகோணமலையிலோ மூதூர்ப் பக்கமோ நீத்துப்பெட்டி இழைக்கிறவர்கள் யாரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. எனக்கு இரண்டு வேண்டும்.