கவச உடையும் சாவிக்கொத்தும்

2020 மார்ச் கடைசியில், கொரோனா பரவ ஆரம்பித்த நேரத்தில், ஒரு மத்திய சிறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். லத்தி, டார்ச், மழைக்கோட்டுக்கு இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், எழுதித்தான் பழக்கம். "காவலர்களுக்கு கவச உடை வாங்கணும்ப்பா" என்று சூப்பரண்டு சொன்னபோது, பி.பி.இ. கிட் எப்படி இருக்கும் என்று போனில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முகக்கவசத்துக்குப் பஞ்சமில்லை. தையல் பிரிவில் தண்டனைக் கைதிகளே தைத்துக் குவித்தார்கள். சிக்கல் அட்மிஷன் வாசலில்தான். புதுக் கைதியை ஆறடி தள்ளி நின்று சோதனை போட முடியுமா? வேட்டி மடிப்பை உதறி, செருப்பின் அடிவரை தடவிப் பார்த்தாக வேண்டும்.

மொத்த ஊழியர்களுக்கும் கிட் கேட்டு எழுதிக்கொண்டு போனேன். சிறை மருத்துவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "டவர்ல தனியா நிக்கிறவருக்கு எதுக்கு?" என்று கேட்டுப் பட்டியலில் பேனாவால் அடித்தவர், அட்மிஷன், தனிமைப்படுத்தும் பிளாக், சிறை ஆஸ்பத்திரி மூன்றுக்கு மட்டும் முழு உடை என்று முடித்தார்.

டெண்டர் விட நேரம் இல்லை. 1998ஆம் வருஷத்து தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 16வது பிரிவு அவசரகாலத்துக்கு வழி விடுகிறது. இருந்தாலும் ஆடிட்டை நினைத்து மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்தேன். (இது நடுக்கத்தில் செய்தது. பிறகு காப்பாற்றியது.)

முதலில் வந்த சாம்பிள், கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தருவார்களே, அந்தப் பையின் துணி. டாக்டர் அதை விரித்துப் பிடிக்கச் சொல்லி டம்ளர் தண்ணீரை ஊற்றினார். என் பேன்ட் நனைந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா மாதிரி ஆய்வகங்களில் செயற்கை ரத்தத்தை ஊற்றிச் சோதிப்பார்கள், தேறிய உடைக்குச் சான்று எண் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த எண்ணைக் கேட்டதும் இரண்டு பேர் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மூன்றாமவர் எண்ணோடு அனுப்பினார்.

ஆனால் வந்ததெல்லாம் ஒரே அளவு. ஆறடி உயரத் தலைமைக் காவலர் ஒருவர் குனிந்ததும் தொடை இடுக்கில் டர்ரென்று கிழிந்தது. அதைவிடப் பெரிய கூத்து சாவி. டாக்டர்களுக்காகத் தைத்த உடையில் சாவிக்கொத்துக்கு ஏது இடம்? பெல்ட்டும் சாவியும் உள்ளே மாட்டிக்கொள்ள, கேட்டைத் திறக்க ஒவ்வொரு தடவையும் ஜிப்பை இறக்கினார்கள். "இதுக்கு போடாமலே இருக்கலாம் சார்" என்றார் அந்தத் தலைமைக் காவலர். அவர் சொன்னது சரிதான்.

தையல் பிரிவில் சொல்லி, உடைக்கு மேலே கட்ட வெள்ளைக் காடாத் துணியில் பட்டை தைத்தோம். அதில் ஒரு வளையம், விசிலுக்கு ஒரு கண்ணி. டூட்டி முடிந்ததும் பட்டையும் சாவியும் கிருமிநாசினியில். உடை மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையில்.

பின்னால் ஆடிட் வந்தது. எங்கள் ஸ்டோரில் பழையதை ஒப்படைத்தால்தான் புதியது. "பழைய கிட் எங்கே?" என்று கேட்டார்கள். மருத்துவக் கழிவு வண்டிக்காரர் கொடுத்த ரசீதுகளை எடுத்து நீட்டினேன். கிழிந்த அந்த ஒன்றுக்குத் தனியாக விளக்கம் எழுதச் சொன்னார்கள்.