சட்டைப்பைக்குள் அடங்கும் கமரா

14 ஜூலை 2024

மச்சான் வெளிநாடு போகிறார். தன் சோனி ஆர்எக்ஸ்100 கமராவை விற்க நினைக்கிறார். 2012இல் வந்த முதல் மாதிரி. “கொண்டுபோய்ப் பாவித்துப் பாரும், பிறகு விலையைப் பேசுவோம்” என்று கையில் தந்துவிட்டார். பற்றரியோடு சேர்த்து 240 கிராம்தான். சட்டைப்பை தொங்கவில்லை. ஒளியைப் பதியும் சென்சர் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், மலிவான சிறு கமராக்களில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு பரப்பு. எனக்கு வேண்டியது சந்தைக்கும் வேலைக்கும் கூடவே வரும் கமரா. கலியாண வீட்டுக்கு மட்டும் அலுமாரியிலிருந்து இறங்கும் பெரிய கமராவால் எனக்கு என்ன பயன்?

17 ஜூலை

விடியற்காலையில் திருகோணமலையின் உப்புவெளிக் கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுப்பவர்கள் கடலைப் பார்த்துப் பின்னோக்கிச் சாய்கிறார்கள். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. கரைப் பக்கம் நின்று எடுத்தால் எல்லாரும் கரிய உருவங்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கித் திரும்பி நின்றால் ஒவ்வொரு முகத்திலும் மஞ்சள் வெயில்.

வலையின் மடி கரையேறியதும் சூடை மீன் துள்ளியது. கமராவின் வெளிச்சக் கணிப்பை அப்படியே நம்பினால் செதில்கள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகிவிடுகின்றன. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் வெளிச்ச அளவை வைத்திருந்தேன். அதைத் திருப்பி ஒரு படி குறைத்ததும் செதில்களின் நீலமும் முதுகின் பச்சையும் திரும்பி வந்தன. கண்ணை எடுக்காமல், விரலாலேயே! இந்த வளையத்துக்காகவே இதை வாங்கலாம் என்று அங்கேயே தோன்றியது. முகங்கள் இருண்டன, ஆனால் கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ‘ரோ’ கோப்பில் நிழலைப் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன வெள்ளையை மீட்க முடியாது.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர், “தம்பி, மீன் நாளைக்கும் வரும், ஆளை எடும்” என்றார். எடுத்தேன். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

வெளியே நீளும் லென்ஸுக்கு மணல் பகை. கடற்கரையில் வேலை முடிந்ததும் அணைத்து, மூடும் பைக்குள் போட்டுவிட வேண்டும்.

20 ஜூலை

நண்பகல், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழி. பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் மர நிழலில் படுத்திருந்தன. 100 மில்லிமீற்றருக்கு இணையான சூம் அவற்றுக்குப் போதும். கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இதில் இல்லை. ஆனால் திரையை வெயில் நிலைக்கு மாற்றினால் உச்சி வெயிலிலும் சட்டகம் தெரிகிறது.

21 ஜூலை

மாலை, பத்திரகாளி அம்மன் கோயில் வெளி வீதி. பூக்கார அக்கா குமிழ் விளக்கின் கீழ் மாலை கட்டிக்கொண்டிருந்தார். தூர நின்று சூம் செய்ததில் அவ்வளவும் கலங்கல். காரணம் எளிது: அகலக் கோணத்தில் எஃப் 1.8 ஆக இருக்கும் லென்ஸ் திறப்பு, முழு சூமில் எஃப் 4.9 ஆகிவிடும் (எண் கூடினால் திறப்பு சிறிது), உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். அகலத்தில் படம் பதிய அறுபதில் ஒரு நொடி போதுமென்றால், சூமில் எட்டில் ஒரு நொடி வேண்டும். பூ கட்டும் விரல் அதுவரை காத்திருக்குமா?

ஆகவே கேட்டுக்கொண்டு கிட்டப் போனேன். அகலக் கோணத்தில் ஐந்து சென்ரிமீற்றர் வரை நெருங்கிக் குவிக்கிறது. நார் நுனியைப் பல்லில் கடித்தபடி, மல்லிகை மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து அவர் முடிச்சுப் போட்டார்; பெருவிரல் நகத்தில் பச்சைக் கறை வரை படத்தில் இருக்கிறது. கமரா சிறியதாக இருந்ததால் அவர் முந்தானையைச் சரிசெய்யவில்லை, நிமிரவும் இல்லை.

24 ஜூலை

இந்த மாதிரியில் வைஃபை இல்லை. வாட்ஸ்அப்பில் உடனே அனுப்ப வேண்டுமென்றால் தொலைபேசிதான் வசதி. எனக்கு அந்த அவசரம் இல்லை. இரவில் கணினியில் இறக்கி, நிதானமாகப் பார்ப்பதே பிடிக்கிறது. ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 330 படங்கள் என்பது தயாரிப்பாளர் கணக்கு. கைவசம் இன்னொரு பற்றரி இருந்தால் நாள் முழுக்கச் சுற்றலாம்.

வாங்குகிறேன் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். மேலதிக பற்றரியையும் சேர்த்துத் தந்தால் அவர் கேட்கும் விலைக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறேன் என்றிருக்கிறார்.