பள்ளத்தாக்கில் ஒரு புள்ளியியல் வகுப்பு: 2024 இலையுதிர் பருவ நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று பருவம் தொடங்கியது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தரும் இடம் என்று நினைப்போம். இங்கே அது பதினெட்டு வயது நிரம்பிய எவரையும் மதிப்பெண் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ஈராண்டுக் கல்லூரி. 60 யூனிட் (பாடங்களுக்கான மதிப்பளவு) முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு மாறி, மூன்றாம் ஆண்டிலிருந்து படிப்பைத் தொடரலாம். மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1960ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே உறுதியாகிவிட்டது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், அவர்கள் யார் யார் என்று கேட்கும் வழக்கம்தான் வெகு தாமதமாக வந்தது.

முதல் வகுப்பில் பாடம் எடுப்பதற்கு முன் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள், கல்லூரிக்கு எப்படி வருகிறீர்கள், வீட்டில் உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டேன். 34 பேரில் 21 பேர் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். ஒரு மாணவர் சரக்குக் கிடங்கில் மாலை ஆறு மணி முதல் அதிகாலை வரை நிற்கிறார். ஓர் அம்மையாருக்கு மூன்று குழந்தைகள். மூன்றாவது கேள்விக்கு அவர் "எல்லாரும்" என்று ஒரே சொல் எழுதியிருந்தார். அட்டைகளை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தேர்வுத் தேதியையும் குறிப்பதற்கு முன் அவற்றை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஆகஸ்ட் 21, புதன்

இங்கே கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர்; வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் தள்ளுபடியாகிறது. ஆகவே படிப்பு ஏறக்குறைய இலவசம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் வாடகை, பழைய காரின் பழுதுச் செலவு, குழந்தைக் காப்பகம், சாப்பாடு என்று எதற்கும் தள்ளுபடி கிடையாது. அவற்றுக்குக் கைகொடுப்பது அமெரிக்க ஒன்றிய அரசின் நிதியுதவி. அதற்கான ஃபாஃப்சா விண்ணப்பம் இந்தக் கல்வியாண்டுக்காகப் புதிதாக வடிவமைக்கப்பட்டு, வழக்கமான அக்டோபருக்குப் பதிலாக 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தது. திறந்த பின்னும் பல கோளாறுகள். பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் (அரசு தரும் அடையாள எண்) இல்லாத குடும்பங்கள் அதிகம் அல்லற்பட்டன. பிள்ளை இந்நாட்டிலேயே பிறந்த குடிமகளாக இருந்தாலும், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் தந்தையால் இணையத்தில் தன் அடையாளத்தை உறுதிசெய்ய இயலாமல் பல மாதம் படிவம் அப்படியே நின்றது.

இன்று ஒரு மாணவி என் அறைக்கு வந்து, கைப்பேசியில் தன் விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் பக்கத்தைக் காட்டினாள். பதினோரு வாரமாக அதே வரிதான் இருக்கிறதாம். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. கல்லூரிக் கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்குவதற்காக அவர் கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று முறை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனார். அந்த மூன்று நாள் கூலி எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. நிதியுதவி அலுவலகத்துக்கு நானே அவளை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த ஊழியர் பொறுமையாகப் பார்த்து, காகிதப் படிவத்தில் தந்தையின் கையொப்பத்தோடு அனுப்ப வழி செய்தார். இருபது நிமிடத்தில் முடிந்த வேலை. அந்த இருபது நிமிடம் எங்கே கிடைக்கும் என்பதை அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மாணவர் கணக்கெடுப்பு நாள். வகுப்புக்கு வராதவர்களின் பெயரை இன்றைக்குள் நீக்கிவிட வேண்டும் என்பது விதி. ஐந்து பேர் ஒரு வாரமாக வரவில்லை. முன்பெல்லாம் நான் பொத்தானை அழுத்திவிடுவேன். இப்போது முதலில் தொலைபேசியில் அழைக்கிறேன். திராட்சையைப் பறித்து, கொடி வரிசைகளுக்கு இடையே தாள் விரித்து உலர்த்தும் பருவம் இது. இருவர் குடும்பத்தோடு தோட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் பேருந்து மாற்றும் இடத்தில் தினமும் இணைப்புப் பேருந்தைத் தவறவிடுகிறார். ஒருவர் படிப்பை விட்டுவிட்டதாகவே சொன்னார். ஒருவர் எடுக்கவில்லை. மூவரின் பெயர் பட்டியலில் நின்றது.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

நிகழ்தகவுப் பாடம். தொடர் நிகழ்வுகளின் நிகழ்தகவைப் பெருக்கிக் காண்பது எப்படி என்று விளக்க, பாடநூலில் இருக்கும் சீட்டுக்கட்டை விட்டுவிட்டு எங்கள் கல்லூரிகளின் பழைய முறையையே கணக்காக எடுத்துக்கொண்டேன். முன்பு சேர்ந்தவுடன் கணினியில் ஒரு நிலைத்தேர்வு வைப்பார்கள். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவரும் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அதை எழுதுவார். பின்னக் கணக்கில் தடுமாறினால், பட்டத்துக்குக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்புகளில் தள்ளப்படுவார். மூன்று படி கீழே தள்ளப்பட்ட ஒருவர் இயற்கணிதத்துக்கு முந்தைய வகுப்பு, தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் ஆகியவற்றைக் கடந்துதான் இந்தப் புள்ளியியல் வகுப்புக்குள் நுழைய முடியும்.

"ஒவ்வொரு வகுப்பிலும் நூற்றுக்கு 75 பேர் தேறுகிறார்கள் என்றும், தேறியவர்களில் 85 விழுக்காட்டினர் அடுத்த பருவத்தில் மறுபடி பதிவு செய்கிறார்கள் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம்," என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கிடங்கில் வேலை செய்யும் மாணவரிடம் கொடுத்தேன். அவர் பலகையில் ஒவ்வொரு படியாகப் பெருக்கி எழுதினார்: 100, 75, 64, 48, 41, 30, 26, 19. கடைசி எண்ணை எழுதிவிட்டு, தவறு செய்துவிட்டோமோ என்று முதலிலிருந்து மறுபடி சரிபார்த்தார். தவறில்லை. எந்த வகுப்பும் தனியாகப் பார்த்தால் மோசமாக இல்லை. நால்வரில் மூவர் தேறும் வகுப்பு நல்ல வகுப்புதான். ஆனாலும் நூறு பேரில் 81 பேர் வழியிலேயே தொலைந்துபோனார்கள்.

வகுப்பு முடிந்தபின் அந்த மூன்று குழந்தைகளின் தாய் மட்டும் உட்கார்ந்திருந்தார். 2009இல் இதே போன்ற ஒரு கல்லூரியில் அந்தத் தேர்வை எழுதியதாகவும், தொடக்க இயற்கணிதத்தில் தேறியபின் குழந்தை பிறந்ததால் அடுத்த பருவத்தில் பதிவு செய்ய முடியாமல் போனதாகவும் சொன்னார். "எனக்குக் கணக்கு வராது என்றுதான் ஐயா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றார். அவர் எழுதிய தேர்வுகளில் எதிலும் தோற்கவில்லை. மேலும் இரண்டு வகுப்புகளை அவர்முன் அடுக்கி வைத்தது எங்கள் அமைப்பு.

எட்டு ஆண்டுகள் அந்த அடிப்படை வகுப்புகளை நான்தான் நடத்தினேன். அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும் என்று மனமார நம்பினேன். 2017இல் ஏபி 705 சட்டம் வந்தபோது அதை எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். பள்ளி மதிப்பெண்களைக் கொண்டே மாணவரை வகுப்பில் அமர்த்த வேண்டும், ஓராண்டுக்குள் பல்கலைக்கழக நிலைக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடிக்கும் வாய்ப்பை அதிகமாக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. 2019 இலையுதிர் பருவத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இப்போது மாணவர்கள் நேரடியாகப் புள்ளியியலில் சேருகிறார்கள். அதனுடன் ஒரு துணை வகுப்பில் தேவைப்படும் இயற்கணிதத்தைத் தேவைப்படும் அன்றைக்கே கற்கிறார்கள். முதலாண்டிலேயே தேறுபவர்களின் எண்ணிக்கை முன்பைவிட வெகுவாக உயர்ந்திருக்கிறது. நான் சொன்னது தவறு என்பதை இங்கே எழுதிவைப்பது என் கடமை.

அக்டோபர் 8, செவ்வாய்

அந்தச் சட்டத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கறுப்பின மாணவர்களுக்கும் லத்தீன் மாணவர்களுக்கும் தேர்ச்சி உயர்ந்தது. மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி மூடவில்லை. ஒவ்வொரு கல்லூரியும் சமத்துவத் திட்டம் ஒன்றை எழுதி, எந்தப் பிரிவினர் எங்கே பின்தங்குகிறார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்பது மாநில விதி. அந்தக் கணக்கைக் கல்லூரி அளவில் பார்ப்பது எளிது. இந்த வாரம் என் சொந்த வகுப்புகளின் ஐந்து பருவத் தரவை வாங்கிப் பார்த்தேன். இடைவெளி என் வகுப்பிலும் இருந்தது.

காரணத்தைத் தேடியபோது தேர்வுத் தாள்களில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வீட்டுப்பாடத்தில் தெரிந்தது. ஞாயிறு நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும் என்று வைத்திருந்தேன்; தாமதமானால் பூச்சியம். கிடங்கு வேலைக்கும் மருத்துவமனைத் துப்புரவுப் பணிக்கும் ஞாயிறு மாலையில் போகிறவர்கள் யார் என்று இழுப்பறை அட்டைகள் சொல்லின. கெடுவைச் செவ்வாய் வகுப்புக்கு மாற்றி, மூன்று நாள் சலுகையும் சேர்த்தேன். விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த வீட்டுப்பாட மென்பொருளைச் சென்ற ஆண்டே கைவிட்டு, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் இலவசப் பாடநூலுக்கு மாறியிருந்தேன். அதனால் தரம் குறையும் என்று கவலைப்பட்ட சக ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு நூல்களையும் கொடுத்தேன். அவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 11, வெள்ளி

மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (விலகியவர்) என்ற குறி மட்டும் பெற்று வகுப்பைவிட்டு விலகக் கடைசி நாள். கிடங்கு மாணவர் விலகினார். பண்டிகைக் காலத்துக்காகக் கட்டாய மிகைநேரம் போட்டுவிட்டார்களாம். பலகையில் அந்த எட்டு எண்களை எழுதியவர் அவர்.

நவம்பர் 14, வியாழன்

சமத்துவக் குழுக் கூட்டம். இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி சுவரொட்டி வாசகம் பற்றியே கழிந்தது. நான் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007 முதல் நடக்கும் ஏசாப் திட்டத்தை எடுத்துச் சொன்னேன். முழுநேரம் படிக்கும் மாணவருக்கு நகரப் பேருந்திலும் ரயிலிலும் செல்ல மெட்ரோ அட்டை, பாடநூல் உதவி, மீதமுள்ள கட்டணத் தள்ளுபடி ஆகியவற்றோடு, ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர் என்ற அளவில் நெருங்கிய கவனிப்பையும் அங்கே தந்தார்கள். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து எம்.டி.ஆர்.சி. நிறுவனம் ஆய்வு செய்தபோது, மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. எங்கள் மாநிலத்திலும் 1969 முதல் இ.ஓ.பி.எஸ். என்ற திட்டம், வசதி குறைந்த மாணவர்களுக்கு ஆலோசகரையும் நூல் உதவியையும் தந்து வருகிறது. எது பயன் தரும் என்பது நமக்குத் தெரியும். தகுதியுள்ள எல்லாருக்கும் எட்டும் அளவுக்கு நாம் பணம் ஒதுக்கவில்லை என்றேன். பேருந்துச் சீட்டுக்கான தொகை அடுத்த கூட்டத்தின் நிரலில் சேர்ந்திருக்கிறது. சுவரொட்டியும் சேர்ந்திருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. எதிரில் வரும் காரின் விளக்கு பத்தடி தூரத்தில்தான் தெரிகிறது. காலை எட்டு மணி மறுபார்வை வகுப்பை ஒன்பதரைக்குத் தள்ளிவைத்தேன். இரண்டு பேருந்து மாறி வருகிற மாணவர், தொடக்கம் முதல் ஒரு வகுப்பை முழுதாகக் கேட்டது இதுவே இந்த வாரத்தில் முதல் முறை என்றார்.

டிசம்பர் 17, செவ்வாய்

மதிப்பெண்களைப் பதிவு செய்துவிட்டேன். 23 பேர் தேறினார்கள். தேறாதவர்களில் நால்வர் நூலிழையில் தவறவிட்டவர்கள். அவர்களைத் தனித்தனியே அழைத்து, வசந்தப் பருவத்தில் என் வகுப்பிலோ மாலை வகுப்பிலோ சேரும்படி சொன்னேன். முதல் முயற்சியில் தவறியவர்களை அப்படியே விட்டுவிட்டால், பழைய முறை விழுங்கியதைப் போலவே புதிய முறையும் விழுங்கும்.

அந்தத் தாய் 'பி' வாங்கியிருக்கிறார். செவிலியர் படிப்புக்கு இந்தக் கணிதம் போதும்.

கிடங்கு மாணவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. திரும்பி வர விரும்புகிறார். ஆனால் 63 டாலர் பழைய பாக்கிக்காக அவருடைய பதிவு முடக்கப்பட்டிருக்கிறது. கடனுக்காக மதிப்பெண் பட்டியலை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2019இல் மாநிலம் சட்டம் இயற்றியது. பதிவை முடக்குவதை அது தடுக்கவில்லை. அவசர உதவி நிதியிலிருந்து அந்தத் தொகையைச் செலுத்த விண்ணப்பம் எழுதி, அவர் கையொப்பமிட்டதும் காசாளர் சாளரம் மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலை 4:40க்கு முடக்கம் நீங்கியது. ஜனவரி 13 அன்று தொடங்கும் காலை வகுப்பின் பட்டியலில் இப்போது 31ஆவது பெயர் அவருடையது.